‘விஷ்’ செய்யும் குழப்பம்

ஆங்கில இலக்கண வகுப்பில் ‘விஷ்’ என்ற சொல் வந்தாலே மாணவியராகிய எங்களுக்குத் தலை சுற்றும். ‘ஐ விஷ் ஐ நியூ தி ஆன்சர்’ என்றால், விடை இப்போது தெரியவில்லையே என்ற ஏக்கம். இப்போதைய ஏக்கத்துக்கு இறந்த காலம் எதற்கு? ‘நோ’ என்று எழுதினால் சிவப்பு மையில் கோடு விழுகிறது. காரணம் கேட்டால், “அதுதான் விதி, மனப்பாடம் செய்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

தமிழைத் துணைக்கு அழைத்தால் பாதிச் சிக்கல் தீரும் என்பது எங்கள் எண்ணம். “நாளை மழை பெய்தால்” என்கிறோம். மழை நாளைக்குத்தான், ஆனால் ‘பெய்தது’ என்பதில் உள்ள இறந்த கால உருவமே ‘பெய்தால்’ என்பதிலும் இருக்கிறது. ‘வந்தால்’, ‘கேட்டால்’ எல்லாம் அப்படியே. இன்னும் நடவாததைச் சொல்ல நம் மொழியும் இறந்த காலத்தைத்தான் கடன் வாங்குகிறது! அம்மாவிடம் கற்ற இதை நாங்கள் கவனித்ததே இல்லை.

நடந்து முடிந்ததற்கு வருந்தும்போது ஆங்கிலம் இன்னும் ஒரு படி பின்னே போய், ‘ஐ விஷ் ஐ ஹாட் ஸ்டடீட்’ என்கிறது. தேர்வு முடிவு வந்த மாலையில், “படித்திருக்கலாமே” என்று நாம் விடும் பெருமூச்சுதான் அது. பிறர் செயலில் சலிப்பு வந்தால் ‘வுட்’ சேரும்: ‘ஐ விஷ் ஹி வுட் ஸ்டாப் ஷௌட்டிங்.’ “இந்தப் பிள்ளை கொஞ்சம் கத்தாமல் இருக்கக் கூடாதா?” என்பது அதன் தமிழ். இந்தப் பாடத்தில் எங்கள் பாட்டிமாரை எவரும் வெல்ல முடியாது.

நடக்கக்கூடியதை விரும்பினால் ‘ஹோப்’. தோழியின் ஆட்டோகிராப் ஏட்டில் ‘ஐ விஷ் யூ வில் பாஸ்’ என்று எழுதியவர்கள் எங்களிலும் உண்டு.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்ற வழக்கம் சில பள்ளிகளில் இருக்கிறது. பேச்சுப் பழகவே அந்த ஏற்பாடு என்பது எங்களுக்குத் தெரியாமலில்லை. ஆனால், பாடம் விளங்காத பெண் தமிழில் கேட்கக் கூடாது, ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாது என்றால் என்ன செய்வாள்? பேசாமல் உட்கார்ந்துவிடுவாள். வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளராதவளுக்கே இந்த மௌனம் அதிகம். பேச்சுப் பயிற்சியில் தமிழ் வேண்டாம், ஒப்புக்கொள்கிறோம். இலக்கணத்துக்கும் அதே சட்டம் சரியன்று.

இதை ‘விஷ்’ போட்டுக் கேட்டால் குறை சொல்வதாகிவிடும். ஆகவே ‘ஹோப்’ போட்டே கேட்கிறோம்: இலக்கணப் பாடவேளையில் பத்து நிமிடம், ஐயங்களைத் தமிழில் கேட்க அனுமதி வேண்டும்.