கொடி இருக்க இலச்சினை எதற்கு?

எங்கள் பங்கின் கற்கோவில் எழுப்பப்பெற்று வரும் ஆண்டோடு 150 ஆண்டுகள் நிறைவெய்துகின்றன. விழாவுக்கென அமைந்த குழு முதன்முதலாகச் செய்யத் துணிந்தது என்ன தெரியுமா? தேரின் அச்சைப் பழுது பார்ப்பதன்று. மழைக்கு ஒழுகும் பாடகர் மாடத்தின் கூரையைச் செப்பனிடுவதும் அன்று. ஆலயத்துக்கு ஒரு 'லோகோ' வேண்டும் என்பதே அது. கடிதத்தாள், அழைப்பிதழ், இளைஞர் அணியும் பனியன், அசனப் பந்தலின் முகப்பு, கைப்பேசியில் பங்குச் செய்தி வரும் குழுவின் படம் ஆகிய அனைத்திலும் ஒரே வண்ணம், ஒரே எழுத்து, ஒரே சின்னம். "இனிமே நம்ம கோயிலுக்கு ஒரே முகம், சாமி" என்று பட்டணத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் விளக்கியபோது நானும் மகிழ்ந்து தலையசைத்தேன். அதை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இக்கட்டுரையில் நான் சாடப்போகும் பிழையில் பாதி என்னுடையது.

முதல் வரைவு வந்தது. புறா என்றும் தீச்சுடர் என்றும் கொள்ளத்தக்க ஒரு வளைகோடு. அதன் கீழ் ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரின் முதலெழுத்துகள். எரிவாயு உருளை விற்கும் நிறுவனத்தின் பலகைபோல் இருக்கிறதே என்றார் உபதேசியார். அத்துடன் அது ஒழிந்தது. இரண்டாம் வரைவுக்கோ அவை முழுவதும் கைதட்டியது. எங்கள் ஆலயத்தின் முகப்பை மெல்லிய கோடுகளில் வடித்திருந்தார்கள்: இரு கோபுரங்கள், நடுவே வட்டச் சாளரம், விரியத் திறந்த தலைவாசல், அடியில் கட்டி முடித்த ஆண்டு. உண்மையிலேயே அழகிய படம்.

கைதட்டல் ஓய்ந்தபின் கிழக்குத் தெருப் பெரியவர் ஒருவர் எழுந்தார். திருவிழாவில் கொடிக்கயிறு பிடிப்பவர். பேரவையில் வாய் திறந்து நான் அதிகம் கேட்டதில்லை. "படம் நல்லாத்தான் இருக்கு சாமி. இதுல நாங்க எந்தப் பக்கம் நிக்கிறோம்?" என்று கேட்டுவிட்டு அமர்ந்துகொண்டார்.

வெளியூர் வாசகருக்கு அந்தக் கேள்வி விளங்காது. எங்கள் ஆலயத்துக்கு வடபுறம் ஒரு சிறு வாசல் உண்டு. கிழக்குத் தெருவினர் இரண்டு மூன்று தலைமுறைகளாக அவ்வழியே வந்து, அந்தச் சிறகிலேயே தரையில் அமர்ந்து, அவ்வழியே திரும்பியவர்கள். தலைவாசல் அவர்களுக்குரியதன்று. இன்று அவ்வாறில்லை, யாரும் எங்கும் அமரலாம். ஆயினும் பழகிய கால்கள் இன்னும் வடவாசலையே நாடுகின்றன. கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரோ இன்றும் நிற்கிறது. இக்கோவிலுக்குச் சுண்ணாம்பு அரைத்துக் கல் சுமந்தவர்கள் கிழக்குத் தெருவினரின் முன்னோரே. மாடு பூட்டிச் சுண்ணாம்பு அரைத்த கல்லுருளை ஆலயத்தின் பின்புறம் புல்லுக்குள் கிடக்கிறது. வரைபட நிபுணர் ஆலயத்தை முன்புறமிருந்து மட்டுமே படம் பிடித்துச் சென்றார்.

முகப்பை வரைவது குற்றமா என்பீர்கள். வடக்கன்குளத்தை நினைத்துப் பாருங்கள். புனித தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. அதே ஊரில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம் இரு கால்களை விரித்து நிற்பதுபோல் கட்டப்பட்டது. இரண்டு நீண்ட மண்டபங்கள் பீடத்தருகே வந்து கூடும். ஒன்றில் ஒரு சாதியார், மற்றதில் மற்றொரு சாதியார், நடுவே சுவர். ஒரே பலி, ஒரே அப்பம். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல்! கட்டடக் கலைஞனின் விநோத விருப்பத்தால் பிறந்த வடிவமன்று அது. ஊரார் கேட்டதும் குருக்கள் இணங்கியதும் கல்லாய்ச் சமைந்த வடிவம். 1910இல் அச்சுவர் தகர்க்கப்பட்டபோது எதிர்ப்பு மூண்டது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்துக்குள் தங்களுக்கெனத் தனியிடம் கோரியவர்கள் அங்கே தோற்றனர். இப்போது சொல்லுங்கள்: அந்த ஆலயத்துக்கு இலச்சினை வரைபவர் எதை வரைவார்? முன்புறம் நின்று பார்த்தால் கம்பீரம் மட்டுமே தெரியும். மேலிருந்து பார்ப்பவனுக்கே, அதாவது கடவுளுக்கும் கட்டடத் திட்டம் வரைந்தவனுக்குமே, பிளவு தெரியும்.

ஆகவே முகப்புப் படம் ஒரு வழக்குரை போன்றது. 'நாங்கள் இவ்வாறே இருந்தோம்' என்று அது சாதிக்கிறது. அடியில் பொறிக்கும் ஆண்டும் அத்தகையதே. எங்கள் பங்கின் முதல் திருமுழுக்குப் பதிவேடு கற்கோவிலைவிட அறுபது ஆண்டுகள் மூத்தது. ஓலைக்கூரையின் கீழ் செபித்த அந்த அறுபது ஆண்டுகளை, கோபுரத்தின் ஆண்டைப் பொறித்த கணத்தில் நாம் துடைத்தெறிகிறோம். கல்லுக்குத்தான் பிறந்தநாளா? மக்களுக்கு இல்லையா?

"ரோமாபுரியே இலச்சினை வெளியிடுகிறதே" என்று குழுவினர் மடக்கினார்கள். நியாயமான கேள்விதான். 2025ஆம் ஆண்டு யூபிலிக்கென 48 நாடுகளிலிருந்து 294 வரைவுகள் வந்தன. அவற்றுள் ஒன்று தெரிவாயிற்று. நான்கு திசை மாந்தரைக் குறிக்கும் நான்கு உருவங்கள் ஒருவரையொருவர் தழுவி நிற்க, முன்னிற்பவர் சிலுவையைப் பற்றியிருக்கிறார், சிலுவையின் அடி நங்கூரமாய் முடிகிறது, கீழே அலைகள். நன்று. ஆனால் அது ஓர் ஆண்டின் கொண்டாட்டத்துக்கு இட்ட அடையாளம். ஆண்டு முடிந்ததும் அதன் பணியும் முடிந்தது. மேலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். உலகமே அறிந்த பேதுரு பேராலயத்தின் முகப்பை அவர்கள் அதில் வரையவில்லை. மனிதரை வரைந்தார்கள்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் அலெக்சாந்திரியா நகரக் கிளமெந்து இருக்கிறார். முத்திரை மோதிரத்தில் எதைச் செதுக்கலாம் என்று 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்தவர்கள் அவரைக் கேட்டிருக்க வேண்டும். புறா, மீன், காற்றில் விரையும் கப்பல், யாழ், நங்கூரம் ஆகியவற்றைச் செதுக்கலாம் என்கிறார். சிலைகளின் முகம் ஆகாது. அமைதியை நாடுவோர்க்கு வாளும் வில்லும் ஆகா. மட்டாய் உண்போர்க்கு மதுக்கிண்ணம் ஆகாது. அவர் புதிதாய் எதையும் வரையச் சொல்லவில்லை என்பதே என்னை ஈர்க்கிறது. கடைத்தெருவில் எவருக்கும் கிடைத்த உருவங்களுள் தம் வாழ்வோடு பொருந்துவதை எடு, பொருந்தாததை விடு என்கிறார். எப்படி வாழ்கிறாய் என்பதே அவருடைய அளவுகோல். நாமோ எந்த நீலம், எந்தப் பொன்நிறம் என்று மூன்று மாலைப் பொழுதுகளைச் செலவிட்டோம்.

கலையை வெறுக்கும் குருவானவர் என்று என்னை எண்ணிவிட வேண்டாம். 1963இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, எந்தக் கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதெனக் கொண்டதில்லை என்று தெளிவாய்ச் சொல்கிறது. வெறும் ஆடம்பரத்தினும் உயர்ந்த அழகை நாடச் சொல்கிறது. புதுக்கலைக்குக் கதவு திறந்தே இருக்கிறது. என் சண்டை புதுமையோடு அன்று. 'ஒரே முகம்' என்னும் சொல்லோடுதான். வணிக நிறுவனத்துக்கு ஒரே முகம் தேவை. சோப்பு வாங்குபவர் ஏமாறக் கூடாதல்லவா? ஆலயத்தை யார் எதனோடு மாற்றிக் குழம்பப் போகிறார்? ஓரியூருக்குச் செல்வோர் அருளானந்தரின் குருதி தோய்ந்ததென நம்பும் செம்மண்ணை முடிந்து வருகிறார்கள். வேளாங்கண்ணிக்கு நடப்போரின் காவியை யாரும் குழு அமைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை.

எங்களுக்கும் ஓர் அடையாளம் இருக்கத்தான் இருக்கிறது. கொடி. வெள்ளைத் துணியில் சூசையப்பர், கையில் லீலி மலர். ஆண்டுதோறும் துணி மாறும், வரைபவரும் மாறுவார். ஓராண்டு தாடி கறுப்பு, மறு ஆண்டு வெளுப்பு. ஒருமுறை லீலி மலர் வெங்காயத்தாள் போலவே வந்துவிட்டது, ஊரே சிரித்தது, ஆனாலும் கொடி ஏறியபோது எல்லோரும் கைகூப்பினார்கள். அந்தக் கொடி ஏறுமுன் தெருத்தெருவாய்ப் பவனி வரும். கிழக்குத் தெருவுக்குள் அது முதன்முதல் நுழைந்தது 1987இல். எனக்கு முன்னிருந்த பங்குத்தந்தை ஒருவரின் பிடிவாதம் அது. அவ்வாண்டு சில குடும்பங்கள் கோயில் வரி தர மறுத்தன என்பதைக் கணக்கேடு சொல்கிறது. பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை, அவர்களுடைய பிள்ளைகள்தாம் இன்று தேருக்கு முதல் வடம் பிடிக்கிறார்கள். விலை கொடுத்துப் பெற்ற சின்னம் அது. அதன் வழித்தடத்தை எந்த வரைபட நிபுணரால் வரைய இயலும்?

அடுத்த கூட்டத்தில் நான் இரண்டு செய்திகளை வைத்தேன். வரைந்தவரின் கூலியை முழுமையாகக் கொடுத்து அனுப்பிவிடலாம். அவர்மீது பிழை ஒன்றுமில்லை. இரண்டாவது, பலகைக்கும் பனியனுக்கும் ஒதுக்கிய தொகையைக் கல்லறைத் தோட்டத்து நடுச்சுவரை அகற்றும் கூலிக்கு மாற்றலாம். முதலாவதற்கு அனைவரும் உடன்பட்டனர். இரண்டாவதைக் கேட்டு அவை மௌனமாயிற்று. இலச்சினைக்குக் கைதட்டிய அதே கைகள்தாம். "சாமி, அது பழைய சுவர், பாரம்பரியம்" என்றார் ஒருவர். பாரம்பரியம்! முகத்தை ஒரே வாரத்தில் மாற்றிக்கொள்ளத் துணிந்தவர்களுக்குச் சுவரில் கைவைக்கும்போதுதான் அந்தச் சொல் நினைவுக்கு வருகிறது.

விவாதம் முடியவில்லை. விழா அழைப்பிதழ் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மேற்பகுதியை வெறுமையாக விட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கிழக்குத் தெருப் பெரியவர் பின்புறத்துப் புல்லைச் செதுக்கிக் கல்லுருளையை வெளியே தெரியவைத்திருக்கிறார். யாரும் அவரை ஏவவில்லை. சுவர்பற்றிய தீர்மானம் அடுத்த மாதப் பேரவைக் கூட்டத்தில் மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும்.