மனசுக்குள் பேசும் அந்தக் குரல் யாருடையது?

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் காலை பஸ். அதில் ஜன்னலோரம் ஒரு கல்லூரி மாணவன் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முந்தின நாள்தான் இன்டர்னல் தேர்வில் கோட்டை விட்டிருக்கிறான். வாயைத் திறக்கவில்லை. ஆனால் உள்ளே ஒரு குரல் ஓயாமல் பேசிக்கொண்டே வருகிறது. "மலைக்காரப் பையனுக்கு இதெல்லாம் எதுக்கு? உனக்குச் சரிப்பட்டு வராது. பேசாம மரவள்ளிக்கிழங்கு பிடுங்கப் போ..." பஸ் அடிவாரத்தைத் தொடுவதற்குள், படிப்பையே நிறுத்திவிடலாம் என்ற முடிவுக்குக் கொண்டு வந்துவிடுகிறது அந்தப் பேச்சு!

அது அவன் குரல்தானா? உற்றுக் கேட்டால், யார் யாரோ சொன்னதன் எதிரொலி என்று தெரியும். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த பகுதி. அடங்கி நடப்பதே அங்கே பல தலைமுறைகளுக்குப் பாடம். சாராயம் என்றதும் மலையைக் கைகாட்டும் வழக்கம் வேறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கியது. அதன் பிறகுதான் மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. இத்தனை காலம் வெளியே கேட்ட பேச்சு ஒரு பையனின் மனசுக்குள் குடியேறினால் அதில் என்ன ஆச்சரியம்?

சரி, என்னதான் செய்வது? "என்னால் முடியும்" என்று கண்ணாடி முன் நின்று பத்து முறை சொல்லச் சொல்வார்கள். 2009-ல் கனடாவில் ஜோன் வுட் என்ற உளவியலாளரும் குழுவினரும் இதைச் சோதித்தார்கள். தன்னம்பிக்கை குறைந்தவர்கள் அப்படிப் புகழ்ந்து சொல்லிக்கொண்டபோது, அவர்களின் மனநிலை, அப்படிச் சொல்லாதவர்களுடையதைவிட மோசமாக இருந்தது! காரணம் எளிது. நம்பாத வார்த்தையை மனசு எதிர்த்து வாதாடும்.

ஆக, தேவை இனிப்பான பொய் அல்ல, சரியான வாக்கியம். 1960-களில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் காட்டிய வழி இதுதான். தானாக எழும் எண்ணத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், "இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்க வேண்டும். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பதற்கு ஆதாரம் கிடையாது. "இரண்டு பாடம் புரியவில்லை, நாளை போய்க் கேட்க வேண்டும்" என்பதற்கு உண்டு. முதல் வாக்கியம் கதவைச் சாத்துகிறது. இரண்டாவது வேலை கொடுக்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. பதற்றமான நேரத்தில் தன்னைத் தன் பெயர் சொல்லி அழைத்துப் பேசிக்கொண்டவர்கள் கூடுதல் நிதானமாக இருந்ததை ஈத்தன் கிராஸ் குழுவினரின் 2014 ஆய்வு காட்டியது. நண்பன் தோற்றால் யாராவது "கிழங்கு பிடுங்கப் போ" என்பார்களா? தோளில் கை போட்டு "விடுடா, அடுத்த தேர்வு இருக்கு" என்பார்கள். அந்த மரியாதையைத் தனக்கும் கொடுத்தால் என்ன?

2025-ல் இதே மலையின் சேலம் மாவட்டப் பக்கமான கருமந்துறையில், அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த பழங்குடி மாணவி ஒருவர் சென்னை ஐஐடிக்குத் தேர்வானார். "மலைப் பிள்ளைகளுக்கு வராது" என்ற வாக்கியத்தைப் பொய்யாக்க அந்த ஒரு ஆதாரம் போதாதா?

அதற்காக, மனசு மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று சொல்வது ஏமாற்று. ரோடும் ஆசிரியரும் பஸ்ஸும் அரசு தர வேண்டியவை. அவை இல்லாததற்குப் பையனின் மனப்பான்மையைக் குறை சொல்லக் கூடாது. அந்தக் குரல் உயிரோடு இருப்பதே வீண் என்று சொல்லத் தொடங்கினால், தனியாக வாதாட வேண்டாம். 14416 என்ற டெலி-மனாஸ் எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

பஸ் கள்ளக்குறிச்சி வந்துவிட்டது. அந்த மாணவன் நேராகக் கல்லூரிக்கே போகட்டும். உள்ளே இருக்கும் குரல் பேசிவிட்டுப் போகட்டும்... ஆதாரம் கேட்டால் அது தானாகத் தணியும்!