மீன் தொட்டியின் முதுகுக்கு வண்ணம் தேவையா?

மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்தில் வாழும் மீனுக்கு மேலே வெளிச்சம், கீழே இருள். அக்ரிலிக் தொட்டியில் வாழும் மீனுக்கோ நாற்புறமும் பளபளப்பு! தொட்டியின் பின்சுவருக்கு வண்ணம் பூசுவது வெறும் அழகுக்காக என்று பலர் எண்ணுகின்றனர். அது மீனுக்குச் செய்யும் உதவி என்பதே என் கருத்து.

ஒளிவிலகல் எண் நீருக்கு 1.33, அக்ரிலிக்குக்கு 1.49, காற்றுக்கு ஏறத்தாழ 1. ஆகவே, நீரிலிருந்து சுவரின்மீது, செங்குத்துக் கோட்டுடன் 49 பாகைக்கு மேல் சாய்ந்து விழும் ஒளி வெளியேறுவதில்லை. அக்ரிலிக்கின் வெளிப்பரப்பில் முழு அக எதிரொளிப்பு அடைந்து திரும்பிவிடுகிறது. நேராக விழும் ஒளியிலும் சுமார் 4 விழுக்காடு திரும்புகிறது. மீனுக்கு அச்சுவர் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி! சண்டை மீன் தன் பிம்பத்தையே பகைவன் என எண்ணிச் செவுள் மூடிகளை விரித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

கடையில் விற்கும் படத்தாளை ஒட்டினால் போதாதா? போதாது. ஓரங்களில் மட்டும் ஒட்டிய தாளுக்கும் சுவருக்கும் இடையே காற்று தங்குகிறது, எதிரொளிப்பும் தொடர்கிறது. வண்ணமோ இடைவெளியின்றிப் படிகிறது. அதன் ஒளிவிலகல் எண்ணும் அக்ரிலிக்கின் எண்ணுக்கு நெருக்கமானது. ஒளி வண்ணத்துக்குள் நுழைகிறது. கறுப்பு அதை உட்கவர்ந்துகொள்கிறது.

நம்பிக்கை வரவில்லையா? பக்கச் சுவர் வழியே பின்சுவரைப் பாருங்கள், வெள்ளிபோல் மின்னும். வெளியே உலர்ந்த தாளை வைத்தால் மாற்றமில்லை. ஈர விரலை அழுத்தினால், ரேகை பதிந்த இடத்தில் மினுமினுப்பு மறையும்!

கறுப்பு அல்லது அடர்நீலமே நல்லது. வெண்மையான பின்னணியில் பல மீன்கள் நிறம் வெளுத்துவிடும். தொட்டியின் வெளிப்புறத்தில் மட்டும், நீரில் கரைக்கும் வண்ணத்தைப் பூசுங்கள். தின்னர் கலந்த பெயின்ட் வேண்டாம். கண்ணாடியைத் தின்னர் ஒன்றும் செய்யாது, அக்ரிலிக்கிலோ மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும்.

கறுப்பு வெப்பத்தையும் ஈர்க்குமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சேலம், நாமக்கல் சமவெளியின் சித்திரை வெயிலை நாம் அறிவோம். எனவே, மேற்கு வெயில் படாத இடத்தில் தொட்டியை வையுங்கள். வெயிலுக்கு அஞ்சி வண்ணத்தைக் கைவிட வேண்டியதில்லை. இடத்தை மாற்றினால் போதும்.

உங்கள் பள்ளித் தொட்டியில் ஈரவிரல் சோதனையை முதலில் செய்யுங்கள். பிறகு, ஆசிரியரின் அனுமதியுடன் தூரிகையை எடுங்கள்.