ஒரே மணியை இருவர் அடித்தால்...



பழைய கணனி அடிக்கடி உறைந்து நின்றால், "மதர்போர்ட் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று பலர் உடனே சொல்லிவிடுவார்கள். சில வேளைகளில் எந்த உறுப்பும் கெட்டிருக்காது. இரண்டு உறுப்புகள் ஒரே வளத்துக்குப் போட்டி போடுவதுதான் காரணமாக இருக்கும். இம்மாதம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

விசைப்பலகை, மௌஸ், மொடம் முதலிய ஒவ்வொன்றும் கணனியின் மூளையைக் கூப்பிட ஒரு மணியை அடிக்க வேண்டும். இந்த மணிக்கு ஐ.ஆர்.கியூ. என்று பெயர். 1981 இல் வந்த முதலாவது ஐ.பி.எம். பீசியில் 8 மணிகள் இருந்தன. 1984 இல் வந்த ஏ.டி. வகையில் 0 முதல் 15 வரை 16 ஆயின. விசைப்பலகைக்கு 1, பிளொப்பிக்கு 6, ஹார்ட் டிஸ்க்குக்கு 14 என்று பெரும்பாலானவை முன்பே பங்கிடப்பட்டவை. மிஞ்சுபவை சொற்பம். பழைய ஐ.எஸ்.ஏ. கார்டுகள் பொதுவாக ஒரே மணியை இருவராகப் பாவிக்க மாட்டா. பின்னர் வந்த பீ.சி.ஐ. கார்டுகளுக்கு அது முடியும்.

2003 இல் ஒரு தையற் பயிற்சி நிலையத்தில் நான் கணனி வகுப்பு எடுத்தேன். அன்பளிப்பாகக் கிடைத்த ஒரேயொரு கணனி, விண்டோஸ் 98. மொடம் பூட்டிய நாளிலிருந்து, இணையத்துக்கு டயல் செய்தவுடன் மௌஸ் அசையாது. கடையில் புது மதர்போர்ட் போடச் சொன்னார்கள். தையல் மெஷின் ஒன்று வாங்கச் சேர்த்த காசில்தான் கை வைக்க வேண்டும். "மெஷினைப் பிறகு பாப்பம் ரீச்சர்" என்றாள் ஒரு பிள்ளை. மதர்போர்ட் கெட்டிருந்தால், டயல் செய்யாத நேரத்தில் மட்டும் மௌஸ் எப்படி ஒழுங்காக ஓடும் என்று நான் யோசித்தேன்.

மை கொம்பியூட்டரில் வலது பொத்தானை அழுத்தி, புரொப்பட்டீஸ், டிவைஸ் மனேஜர் என்று போனோம். அங்கே மஞ்சள் நிற ஆச்சரியக்குறி இருந்தால் அந்த உறுப்பில் சிக்கல். குறி இல்லாவிட்டாலும், மேலேயுள்ள கொம்பியூட்டர் என்பதை இருமுறை அழுத்தினால் மணிகளின் பட்டியல் வரும். 4 ஆம் இலக்கத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. மௌஸ் கொம் 1 இல், மொடம் கொம் 3 இல். வழமையாக இந்த இரண்டுக்கும் மணி 4. கொம் 2, கொம் 4 இரண்டுக்கும் மணி 3.

பிறகு செய்தவை இவை:

1. பழைய அமைப்புகளைக் கொப்பியில் எழுதினோம்.
2. யாரும் பாவிக்காத கொம் 2 ஐ பயோஸில் நிறுத்தினோம்.
3. கணனியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, மொடத்திலுள்ள சிறு ஜம்பர்களைக் கொம் 2, மணி 3 என்று மாற்றினோம்.
4. விண்டோஸில் பழைய மொடத்தை நீக்கி, மீண்டும் கண்டுபிடிக்கச் செய்தோம்.

டயல் செய்தபோது மௌஸ் ஓடியது. ஒரு சதமும் செலவில்லை. தையல் மெஷின் காசு அப்படியே மிஞ்சியது.

இன்றைய கணனிகளில் இந்தப் பங்கீடு தானாகவே நடப்பதால் இப்படியான சண்டை அரிது. ஆனாலும் பழைய படங்களோ சங்கக் கணக்குகளோ உள்ள ஒரு பெட்டி உங்கள் வீட்டு மூலையில் கிடக்கலாம். அதை வீசுமுன் மூன்று விடயங்களை நினைவில் வையுங்கள். கடைசியாக என்ன பூட்டினோம் என்று கேளுங்கள். அதைக் கழற்றிப் பாருங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

திருத்துபவரிடமும் "எது பழுது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்கத் தயங்காதீர்கள். காசு கொடுப்பவர் நீங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.