கூழாங்கல்லும் பொத்தையும்

மேலகரத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் என்னிடம் மனமாரச் சொன்னார்: "அண்ணாச்சி, உங்க நாவலை ரெண்டே நாளில் முடிச்சிட்டேன். மலை, மழைன்னு வருகிற பக்கங்களை மட்டும் தள்ளிட்டேன். கதை ஜோர்!"

பாராட்டாகத்தான் சொன்னார். பாயசம் வருவதற்குள் இன்னொன்றும் சொன்னார். இங்கிலீஷ் நாவல்களில் வரும் கடற்கரைக் கிராமம் என்றால் அவருக்கு உயிராம். செங்குத்துப் பாறை, மூடுபனி, மீன்படகு, விளக்கெரியும் விடுதி, ஒரு வரி விடாமல் படிப்பாராம். சாரல் காலத்தில் வாசல் திண்ணையிலிருந்தே குற்றால மலையைப் பார்க்கக்கூடிய ஊர்க்காரர் இப்படிச் சொல்கிறார்!

என் பக்கங்களைத் தள்ளியதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வழக்கு அதுவல்ல. சுற்றுப்புறம் என்பதை நாம் நாடகக் கம்பெனியின் படுதா என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். படுதாவைச் சுருட்டிவிட்டாலும் நடிகர்கள் நிற்பார்கள், கதை நடக்கும் என்பது நம் எண்ணம். நாடகத்தில் அது சரி. ஊர் விஷயத்தில் அது சரியல்ல. இதற்கு அவர் ஆசைப்படுகிற இங்கிலீஷ் கடற்கரைக் கிராமம் ஒன்றையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

டெவன் பிரதேசத்தின் தென்கரையில் ஹால்ஸாண்ட்ஸ் என்று ஒரு மீனவர் கிராமம் இருந்தது. 1891-ஆம் வருஷத்தில் 37 வீடுகள், 159 ஜனங்கள், 'லண்டன் இன்' என்று ஒரு விடுதி. பின்னால் பாறைச் சரிவு, முன்னால் கடல், நடுவே கூழாங்கல் கரை. சித்திரக்காரன் வந்தால் பாறையைத் தீட்டுவான், கடலைத் தீட்டுவான். கூழாங்கல்லை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒருவன் பார்த்தான். பிளிமத் நகரில் கடற்படைத் துறைமுகத்தை விரிவாக்க கான்கிரீட்டுக்குக் கல் வேண்டியிருந்தது. 1897-இல் சர் ஜான் ஜாக்சன் என்ற ஒப்பந்தக்காரர் அனுமதி பெற்று, அந்தக் கரைக்கு முன்னால் கடலடியில் கிடந்த கல்லை வாரத் தொடங்கினார். மீனவர்கள் முறையிட்டார்கள். "வாரியதைக் கடலே திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடும்" என்று சமாதானம் சொன்னார்கள் பெரியவர்கள். நஷ்ட ஈடாக வருஷத்துக்கு ஒரு சிறு தொகையும் கிடைத்தது.

கடல் கொண்டுவந்து போடவில்லை. அது பனியுகம் விட்டுப்போன கல். வருஷா வருஷம் வருகிற வட்டியல்ல, முதல். சுமார் 6,50,000 டன் எடுத்தார்கள். கரை அடிக்கணக்கில் தாழ்ந்தது. 1902-இல் வேலையை நிறுத்தினார்கள். ஆனால் அலையின் வேகத்தைத் தாங்கி வாங்கிய கரை போனது போனதுதான். 1917 ஜனவரி 26-ஆம் தேதி இரவு கீழ்க்காற்றும் ஏற்றமும் சேர்ந்து வந்தன. உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் குடியிருக்க லாயக்காக மிஞ்சியது ஒரே ஒரு வீடு. 1964-இல் தனுஷ்கோடியை அழித்தது புயல். ஹால்ஸாண்ட்ஸிலும் புயல் அடித்தது; ஆனால் அதற்குக் கதவைத் திறந்து வைத்தது ஓர் ஒப்பந்தம்.

இனி நம் ஊருக்கு வருவோம். குற்றால மலையை யாரும் வெட்டவில்லை. அது அரசாங்கத்தின் காடு. ஆனால் இந்தத் தென்காசி மாவட்டத்தில் பெரிய மலை மட்டுமா இருக்கிறது? வயல்களுக்கு நடுவே அங்கங்கே பாறைக் குன்றுகள் நிற்கின்றன. பொத்தை என்கிறோம். அருவிக்கு வருகிறவர்கள் அவற்றைப் படம் எடுப்பதில்லை. எங்களைப் போன்ற எழுத்தாளர்களும் அவற்றை எழுதுவதில்லை. பாறையில் விழுந்த மழை வழிந்து அடிவாரத்துக் குளத்தில் சேரும். குளத்தால் கிணறு ஊறும். அந்தக் கல்தான் இன்று ஜல்லியாகவும் எம்.சாண்டாகவும் உடைபட்டு லாரி ஏறுகிறது. புளியரை வழியாகக் கேரளத்துக்கும் போகிறது. பொத்தை இருந்த இடத்தில் பள்ளம் மிஞ்சினால், மழை பள்ளத்தில்தான் இறங்கும். குளத்துக்கு என்ன வரும்? இந்தப் பாறையும் முதல்தான். எந்த மழையிலும் திரும்ப முளைக்காது.

மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் இதை அறிந்தவர். அவருடைய குறத்தி குறி சொல்வதற்கு முன்னால் தன் மலையின் வளத்தைச் சொல்கிறாள். மலையைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. அந்தக் குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்கர் முத்து விஜயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அதற்குப் பெயர். அன்று மலையைப் பாடியவனுக்கு நிலம் கிடைத்தது. இன்று நிலத்தோடு சேர்த்துக் குன்றையும் யூனிட் கணக்கில் விலை பேசுகிறோம்.

"ஜல்லி இல்லாமல் வீடு கட்டுவீரோ?" என்று கேட்பார்கள். மாட்டேன். என் வீடும் ஜல்லியில்தான் நிற்கிறது. கல்லே எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. எந்தப் பொத்தை, எவ்வளவு ஆழம், அதன் அடியில் யாருடைய குளம் என்று கேட்டுவிட்டு எடு என்கிறேன். கேட்கிற ஊரின் வாயை, கோயில் கொடைக்கு ஒரு தொகை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுவர் என்று அடைக்காதே என்கிறேன். ஹால்ஸாண்ட்ஸ் மீனவர்களும் வருஷத் தொகை வாங்கியவர்கள்தாம்.

பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த அன்பருக்கு ஒரு வார்த்தை. என் நாவலில் மலை வருகிற பக்கங்களைத் தாராளமாகத் தள்ளுங்கள், பாதகமில்லை. ஆனால் என்றைக்காவது காலைப் பத்திரிகையின் ஒரு மூலையில், கல்குவாரிக்காக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பொடி எழுத்தில் அறிவிப்பு வரும். அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள், ஐயா.