ஒரே திரை, இரண்டு வேலை

கோலார் தங்கவயலில் 2001-ல் சுரங்கம் மூடியபின் பலருக்குப் பிழைப்பு, தினசரி பெங்களூர் ரயில்தான். மாலையில் கம்ப்யூட்டரில் விளையாட மானிட்டர், வீட்டாருக்கு டி.வி. என்று இரண்டு வைக்கச் சிறிய லைன் வீட்டில் இடமேது? ஒரே டி.வி. போதும், ஆனால் கடையின் பளபளப்பில் மயங்காதீர்கள். படத்தை மெருகேற்ற டி.வி. எடுக்கும் நேரம்தான் விளையாட்டுக்கு எமன்: நீங்கள் சுடுவதற்குள் எதிரி சுட்டிருப்பான். ‘கேம் மோட்’ அந்த மெருகைக் குறைக்கும். ‘மோஷன் ரேட்’ என்பது விளம்பர எண். பேனல் 60 ஹெர்ட்ஸா, 120-ஆ என்று கேளுங்கள். 4கே-யில் 120 வேண்டுமானால் எச்.டி.எம்.ஐ. 2.1 போர்ட் வேண்டும். லேப்டாப்பைக் கடைக்கே கொண்டுபோய், சிவப்புப் பின்னணியில் நீலச் சிற்றெழுத்தைப் போட்டுப் பாருங்கள். கலங்கினால் வேறு டி.வி. பார்க்கலாம். ஓலெட் என்றால் ஒரே இடத்தில் நிற்கும் டாஸ்க்பார் நாளடைவில் தழும்பாகலாம். அதை மறைத்து வையுங்கள். அம்மா சீரியலுக்கு உட்காரும்போது கேம் மோடை அணைக்க மறக்காதீர்கள்.