பரிசு ஒருவருக்கு, பாட்டு யாருக்குச் சொந்தம்?

கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கிறது இடைசெவல். கரிசல் காடு, வானம் பார்த்த பூமி. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். இருவரும் எழுத்தாளர்கள் மட்டுமல்ல, சங்கீதத்தில் ஊறியவர்கள். ஆனால் அந்தச் சீமையில் பாட்டு கச்சேரி மேடையிலிருந்து மட்டும் வரவில்லை. கமலை இறைத்தவன் பாடினான்; களை வெட்டியவள் பாடினாள்; இழவு வீட்டில் கிழவி பாடினாள். அவர்களுக்கு யாரும் மார்க் போடவில்லை.

இன்று பாட்டுக்கு மார்க் போடுவதை நம் ஜனங்கள் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். தீப்பெட்டி ஆபீசிலிருந்து திரும்பிய பெண்ணும், ஷிப்டு முடிந்து வந்த மில் தொழிலாளியும் பார்க்கிறார்கள். பார்ப்பதில் தவறில்லை. பார்த்ததைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதே நமது கருத்து.

விஜய் தொலைக்காட்சி 2006 முதல் 'சூப்பர் சிங்கர்' போட்டியை நடத்தி வருகிறது. 2018 ஜூலையில் முடிந்த அதன் ஆறாவது போட்டியில் முதற்பரிசு பெற்றவர் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமியப் பாடகர் செந்தில் கணேஷ். அவருடைய மனைவி ராஜலட்சுமியும் அதே போட்டியில் பாடியவர். தொலைக்காட்சிக்கு வரும் முன்பே ஊர் ஊராக மேடையேறிப் பாடி வந்தவர்கள் இவர்கள்.

அந்த வெற்றியைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்கள். எல்லா ராகமும் பாடத் தெரியாத நாட்டுப்புறத்தானுக்கு முதற்பரிசா என்று கேட்டார்கள். இந்தக் கேள்வி புதிதல்ல. உழைக்கிறவன் எதைச் செய்தாலும் அது கலையல்ல, கூச்சல் என்று சொல்லும் பழைய திமிர்தான் இது. அந்த மேடையில் நாட்டுப்பாட்டு ஜெயித்ததில் நமக்கு மகிழ்ச்சியே.

ஆனால் இன்னொரு கட்சியும் பேசுகிறது. "பார்த்தீர்களா, திறமை இருந்தால் யாரும் மேலே வரலாம். கதவு திறந்துதான் இருக்கிறது" என்கிறார்கள். இது முன்னதைவிட ஆபத்தான பேச்சு. லட்சம் பேர் நிற்கும் வாசலில் ஒருவரை உள்ளே அழைத்துவிட்டு, கதவு திறந்திருக்கிறது என்று சொல்வது என்ன நியாயம்?

உள்ளே போனவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம். 2019இல் வந்த 'சார்லி சாப்ளின் 2' படத்தில் இத்தம்பதியின் 'சின்ன மச்சான்' பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. அதே ஆண்டு 'விஸ்வாசம்' படத்தில் இருவரும் பாடினார்கள். 2021இல் 'புஷ்பா'வின் தமிழ் வடிவில் 'சாமி சாமி' பாட்டு ராஜலட்சுமியின் குரலில் வந்தது. நல்ல புகழ், உழைப்புக்குக் கிடைத்த பலன். இதில் நமக்குப் பொறாமை இல்லை. ஆயினும் கவனியுங்கள்: சினிமா அவர்களிடம் கேட்டு வாங்கியதெல்லாம் கொண்டாட்டப் பாட்டும் காதல் பாட்டுமே. கூலிக்காரனின் ஏக்கமும், மழை பொய்த்த சம்சாரியின் புலம்பலும் நாட்டுப்பாட்டில் சரிபாதி. அந்தப் பாதிக்குச் சந்தையில் விலை இல்லை.

புகழ் வந்தவருக்காவது நாளைய சோறு நிச்சயமா? பரவை முனியம்மாவை நாம் மறக்கவில்லை. 2003இல் 'தூள்' படத்தில் பாடி, தமிழ்நாடு முழுதும் பேர் வாங்கியவர். 2015இல் நோயும் வறுமையும் வாட்டியபோது அரசாங்கம் அவர் பெயரில் 6 லட்சம் ரூபாய் வைப்புநிதி போட்டு, வட்டியில் பிழைக்க வழி செய்ய வேண்டியதாயிற்று. 2020இல் அவர் மறைந்தார். ஊரறிந்த கலைஞருக்கே இந்தக் கதி என்றால், பேர் தெரியாத நையாண்டி மேளக்காரனுக்கும் கரகாட்டக்காரிக்கும் என்ன கதி?

இந்தப் பாட்டுகள் யாருடையவை? பேராசிரியர் நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பைப் புரட்டுங்கள். சேகரித்தவர் எஸ்.எஸ். போத்தையா, இடம் விளாத்திகுளம் வட்டாரம் என்று பல பாட்டுகளின் கீழே காணலாம். இயற்றியவர் பெயர் இராது. எப்படி இருக்கும்? ஒருத்தி கட்டிய அடியை இன்னொருத்தி மாற்றி, தலைமுறை தலைமுறையாக எல்லோரும் சேர்ந்து செய்த சொத்து அது. 2012ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் பாடுகிறவருக்கு ராயல்டி உரிமை தந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் மெட்டைப் பெற்றெடுத்த களத்துமேட்டுக்கு ஒரு காசும் இல்லை. 2024 நவம்பரில் ரிலையன்சும் டிஸ்னியும் சேர்ந்து அமைத்த கூட்டுக் கம்பெனியின் கையில் விஜய் தொலைக்காட்சி இருக்கிறது. நம் காட்டில் விளைந்த பாட்டை, விளம்பரங்களுக்கு நடுவே நமக்கே போட்டுக் காட்டிப் பணம் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

கமலை போய் பம்பு செட்டு வந்ததற்காக நாம் அழவில்லை. அந்த வேலையின் கஷ்டம் தீர்ந்தது நல்லதே. ஆனால் வேலையோடு பிறந்த பாட்டு, வேலை போனபின் யார் தயவில் வாழ்வது என்பதே கேள்வி.

2007இல் அரசு அமைத்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. கிராமத்துக் கலைஞர் ஒவ்வொருவரும் அதில் உறுப்பினராக வேண்டும். முதுமையில் கௌரவமாக வாழப் போதிய பென்ஷன் கிடைக்க வேண்டும். நாட்டுப்பாட்டை எடுத்தாளும் சினிமா, தொலைக்காட்சிக் கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கை வாரியத்துக்குக் கட்டச் சட்டம் வேண்டும்.

நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும், தோழர்களே! நமது கூட்டங்களில் தலைவர் வந்து சேரும்வரை கூட்டத்தைப் பிடித்து வைக்கத்தான் பாடகர் என்று எத்தனை முறை நடந்துகொண்டிருக்கிறோம்! பஸ் செலவைக் கையில் கொடுத்து அனுப்பிய நாட்களும் உண்டு. கூலிக்காகப் போராடும் சங்கம், தன் மேடையில் பாடுகிறவனுக்கு நியாயமான கூலி கொடுக்காதிருப்பது வெட்கக்கேடு. ஒவ்வொரு மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் அடுத்த கூட்டத்திலேயே இதைத் திருத்தட்டும்.

ஒரு செந்தில் கணேஷ் ஜெயித்தது சந்தோஷம். பாடுகிற எவரும் பட்டினி கிடக்காத நாள்தான் நமக்கு வெற்றி.